தகரம் போருக்குப் போன காலம்

லண்டன் பழம்பொருள் சந்தைகளிலும் அமெரிக்க ஏலக்கூடங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் விலைச்சீட்டு ஒன்று உண்டு: ‘இரண்டாம் உலகப் போர்க்கால பவுடர் டப்பா.’ டப்பா பளபளவென்றிருக்கும். மூடியில் கொடி பறக்கும், அல்லது ராணுவத் தொப்பி வைத்த பெண் சிரிப்பாள். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். வாங்குகிறவர் படத்தைப் பார்த்தே நம்பிவிடுகிறார். படத்தை விட்டுவிட்டு டப்பாவைப் பார்க்க வேண்டும். மூடி முதல் அடிவரை நல்ல தகரம், அதன்மேல் நாலைந்து வண்ணத்தில் அச்சு என்றிருந்தால், அது 1942க்கும் 1945க்கும் நடுவே செய்யப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த ஆண்டுகளில் முகப்பவுடருக்குக் கொடுக்க யாரிடமும் தகரம் இல்லை.

இதை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எது போருக்கு முந்தியது, எது போரின் நடுவில் பிறந்தது, எது பல காலம் கழித்துப் பழைய பாணியில் அச்சடித்தது என்று பிரிப்பதற்குச் சட்டங்கள்தான் கைகொடுக்கும். விற்பனை வரி, தபால் மண்டல எண், வணிகக் குறிச் சட்டம், உலோகக் கட்டுப்பாட்டு ஆணை என்று போர்க்கால அரசாங்கங்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைத்தன. அவற்றின் தடம் டப்பாவின் அடியிலோ ஓரத்திலோ ஒட்டுச்சீட்டிலோ எங்காவது தங்கியிருக்கும்.

ஈப்போவிலிருந்து வந்த வெள்ளீயம்

நாம் தகரம் என்று சொல்வது மெல்லிய எஃகுத் தகடு. துருப்பிடிக்காமலிருக்க அதன் இரு புறமும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். எஃகு எல்லா நாட்டிலும் கிடைக்கும், வெள்ளீயம் அப்படியல்ல. 1941 வரை உலகச் சந்தைக்கு வந்த வெள்ளீயத்தில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் டச்சுக்காரர்கள் ஆண்ட பங்கா, பெலித்துங் தீவுகளிலிருந்தும் போயிற்று. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த தாதுவைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கிக் கப்பலேற்றினார்கள். நியூஜெர்சியில் ஒரு பெண் திறந்த டால்கம் டப்பாவின் மேற்பூச்சு பேராக் மண்ணிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் டச்சுத் தீவுகளும் போயின. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் வெள்ளீயம் வரும் பெரிய வாசல் ஒரே மாதத்தில் அடைபட்டது. கையிருப்பில் இருந்தது சிப்பாயின் உணவு டப்பாவுக்கும், எந்திரத் தாங்கிகளுக்கும், மின்கம்பிகளைப் பற்றவைப்பதற்கும் தேவைப்பட்டது. அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே தகர டப்பாக்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் ஒரு விசித்திரமான விதியும் நடைமுறைக்கு வந்தது. புதிய பற்பசையோ சவரக் கிரீமோ வாங்க வேண்டுமென்றால் பழைய காலிக் குழாயைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது பற்பசைக் குழாய்கள் வெள்ளீயத்தில் செய்யப்பட்டன. பிதுக்கித் தீர்ந்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் மக்கள் நின்றார்கள். போருக்கு முந்தைய பற்பசைக் குழாய்கள் இன்று சேகரிப்பாளர்களுக்கு அரிதாகவே அகப்படுவதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

இன்னொரு மாற்றம் வெளியே தெரியாமல் நடந்தது. அதுவரை எஃகுத் தகட்டை உருகிய வெள்ளீயத் தொட்டியில் முக்கியெடுத்துப் பூச்சேற்றினார்கள். மின்பகுப்பு முறையில் பூசினால் அதில் பாதிக்கும் குறைவான வெள்ளீயமே போதும். 1930களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய இந்த முறை போர் நெருக்கடியில் வேகமாகப் பரவியது. முக்கியெடுத்த பழைய தகரத்தின் பூச்சு தடிப்பானது. அச்சில்லாத உட்புறத்தில் வெளிச்சம் பட்டால் வெள்ளி மினுமினுப்பு தெரியும். மின்பூச்சுத் தகரம் கொஞ்சம் மங்கலாக, சீராக இருக்கும், எளிதில் துருவேறும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல டப்பாக்களைத் திறந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு துணைச் சாட்சி.

அட்டையும் பிளாஸ்டிக்கும்

அப்படியானால் போர்க்கால டப்பா எப்படித்தான் இருக்கும்? டால்கம் டப்பாவின் உடல் அட்டைச் சுருளாக இருக்கும். மேலும் கீழும் மட்டும் மெல்லிய தகர வளையம், சிலவற்றில் அதுவும் கிடையாது. தகரத்தின்மேல் நேரடியாக அச்சிடுவதற்குப் பதில் காகிதத்தில் அச்சிட்டுச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். ஐந்து வண்ணம் இருந்த இடத்தில் இரண்டு. திருகினால் திறந்து மூடும் துளைமூடி போய், காகிதத்தைக் கிழித்துக் கொட்டும் வாய் வந்திருக்கும். ரூஜ் டப்பாக்களும் பவுடர் காம்பாக்டுகளும் அட்டைக்கும் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறின. லிப்ஸ்டிக் உறைகளுக்கும் இதே கதி. அதற்கு வேண்டிய பித்தளை தோட்டா உறைக்குப் போய்விட்டது. கனெடிகட் மாநிலத்து வாட்டர்பரியில் இருந்த ஸ்கோவில் ஆலை லிப்ஸ்டிக் உறைக்கும் பெயர்பெற்றது, ராணுவத் தளவாடத்துக்கும் பெயர்பெற்றது. பித்தளையைக் குழாயாக இழுக்கும் எந்திரத்துக்கு இரண்டும் ஒரே மாதிரி வேலைதான்.

பிரிட்டனில் நெருக்கடி இன்னும் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1940இல் வந்த விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைகளால் அழகு சாதன உற்பத்தி போருக்கு முந்தைய அளவில் கால் பங்காகச் சுருங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் கொள்முதல் வரி வந்தது. ஆடம்பரப் பொருள்களுக்கு முதலில் மூன்றில் ஒரு பங்கு, 1942இல் மூன்றில் இரண்டு பங்கு, 1943இல் நூற்றுக்கு நூறு. ஆகவே விலையோடு ‘கொள்முதல் வரி உட்பட’ என்றோ ‘வரி தனி’ என்றோ அச்சிட்ட பிரிட்டிஷ் டப்பா 1940 அக்டோபருக்கு முன்பு வந்திருக்க முடியாது. ஆனால் அந்த வரி 1973 வரை நீடித்தது. வரியைக் கண்டதும் போர்க்காலம் என்று துள்ளிவிடக் கூடாது. ஒரு சட்டம் கீழெல்லையைத்தான் கொடுக்கும். மேலெல்லையை வேறொன்று கொடுக்க வேண்டும். டப்பாவின் வயதைக் கணிக்கும் கலை முழுவதும் இந்த இரண்டு எல்லைகளையும் நெருக்கிக்கொண்டே வருவதில் இருக்கிறது.

சரக்கு குறைந்தபோதும் ஆசை குறையவில்லை. அழகு சாதனங்களை அடியோடு நிறுத்தினால் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களின் ஊக்கம் உடைந்துவிடும் என்று அரசாங்கமே கவலைப்பட்டது. அமெரிக்காவில் 1942 ஜூலையில் அழகு சாதனங்களுக்குப் போட்ட உற்பத்திக் கட்டுப்பாடு சில மாதங்களிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுபுறம், பிரிட்டனில் கள்ளச் சந்தை கொழித்தது. பெயரே கேள்விப்படாத நிறுவனங்களின் கிரீம்களும், பெரிய நிறுவனங்களின் காலி டப்பாக்களில் நிரப்பிய போலிப் பவுடரும் கைமாறின. இதனால் இன்றைய சேகரிப்பாளருக்கு ஒரு சிக்கல்: அசல் போர்க்கால டப்பாவில் அசல் அல்லாத சரக்கு இருக்கலாம். அதை மதிப்புக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் போலிச் சரக்கும் போர்க்காலச் சாட்சிதான்.

முன்பே அச்சிட்டு வைத்த தகர டப்பாக்களைக் கையிருப்புத் தீரும்வரை பயன்படுத்தியவர்களும் உண்டு. பழைய விலைமேல் புதிய விலைச்சீட்டை ஒட்டினார்கள், எடை குறைந்திருந்தால் அதன்மேலும் ஒரு துண்டு. அப்படி ஒட்டிய சீட்டைத் தயவுசெய்து சுரண்டி எடுக்காதீர்கள். டப்பாவைச் சுத்தமாக்குவதாக நினைத்து அதன் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப்போட்ட விற்பனையாளர்கள் ஏராளம்.

பவுடர் டப்பா போலிருக்கும் பிற டப்பாக்கள்

அழகு சாதன நிறுவனங்கள் போரில் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனில் கோட்டி நிறுவனம் ராணுவத்துக்குக் கால் பவுடரும், விஷவாயுக்கு எதிரான களிம்பும் செய்தது. ஹாலிவுட்டின் மேக்ஸ் ஃபேக்டரும் ஹெலனா ரூபின்ஸ்டைனும் சிப்பாய்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் மறைவண்ணக் கிரீம்களைத் தயாரித்தார்கள். ஒரே எந்திரம், ஒரே கலவைத் தொட்டி, ஒரே அளவு டப்பா. அதனால்தான் ராணுவ டப்பாக்கள் பல இன்று ‘போர்க்கால கிரீம் டப்பா’ என்ற பெயரில் விலைபோகின்றன.

ஒன்றை மட்டும் கிட்டே வைத்துப் பார்ப்போம். உள்ளங்கையில் அடங்கும் வட்டமான சிறு தகர டப்பா. திறந்தால் ஒரு துண்டுத் துணி, அதன் மடிப்பில் காய்ந்துபோன பசை. பார்த்தவுடன் ரூஜும் பூசும் துணியும் என்று தோன்றும். மூடியில் தேய்ந்திருக்கும் எழுத்துகளைச் சாய்வெளிச்சத்தில் படித்தால் ‘அவுட்ஃபிட் ஆன்ட்டி-டிம்மிங்’ என்றும், பக்கத்தில் மாதிரி எண்ணாக ரோம எண் ஆறும் தெரியும். விஷவாயு முகமூடியின் கண்ணாடியில் மூச்சுக்காற்றால் பனி படியாமலிருக்கப் பூசும் பசை இது. பிரிட்டிஷ் சிப்பாயின் முகமூடிப் பையில் கூடவே கிடந்தது. இத்தகைய டப்பாக்களில் ஆண்டு பலமுறை நேரடியாகவே அச்சிட்டிருக்கும். அரசாங்கச் சொத்தைக் குறிக்கும் அகன்ற அம்புக்குறியும் சிலவற்றில் இருக்கும். அம்புக்குறியைக் கண்டால் அது அலங்கார மேசையிலிருந்து வந்த டப்பா அல்ல.

மறைவண்ணக் கிரீம் டப்பாக்களில் கடைப்பெயர் இல்லாமல் பயன்படுத்தும் முறையும் ஒப்பந்த எண்ணும் மட்டும் இருந்தால், அவை அங்காடிக்கு வந்த சரக்கல்ல. அவற்றின் கதை வேறு, விலையும் வேறு.

முகவரியைப் படியுங்கள்

டப்பாவின் அடியைத் திருப்பினால் பெரும்பாலும் ஒரு முகவரி இருக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது அதைப் படிப்பதுதான். முகவரி பொய் சொல்ல நினைக்காது. அழகுக்காக அல்லாமல் சட்டத்துக்காக அச்சிட்டது அது.

அமெரிக்காவில் பெருநகரங்களுக்குத் தபால் மண்டல எண்கள் 1943 மே மாதம் வந்தன. ‘நியூயார்க் 20’, ‘சிகாகோ 11’ என்று ஊருக்குப் பின்னால் ஒற்றை அல்லது இரட்டை இலக்கம் இருந்தால் டப்பா 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. 1963 ஜூலையில் ஐந்திலக்க ஜிப் எண் வந்துவிட்டது. எண்ணே இல்லாத நியூயார்க் முகவரி என்றால் 1943க்கு முந்தியதாக இருக்கலாம், பழைய அச்சுப்பலகையை மாற்றாமல் விட்டதாகவும் இருக்கலாம். எண் இருப்பது உறுதியான சான்று, இல்லாமை வெறும் ஐயம்.

லண்டனுக்கு இதே சோதனை முதல் உலகப் போருக்கு உதவும். லண்டன் தபால் வட்டங்களுக்கு எண் சேர்த்தது 1917இல். வெறும் ‘டபிள்யூ’ என்று நின்ற இடத்தில் ‘டபிள்யூ 1’ என்று வந்துவிட்டால், அந்தப் பவுடர் டப்பா 1914ஆம் ஆண்டுச் சிப்பாயின் பையில் போயிருக்க முடியாது.

ஜெர்மனியில் கடிதங்களுக்கான இரண்டிலக்கத் தபால் எண் போரின் பிற்பகுதியில் வந்தது. ஹாம்பர்க் பகுதிக்கு 24. ஊர்ப்பெயருக்கு முன்னால் இந்த எண் அடைப்புக்குள் இருந்தால் போரின் கடைசிக் கட்டமோ அதற்குப் பிந்தைய ஆண்டுகளோ. 1961இல் நான்கிலக்க எண் வந்து இதை ஒழித்தது.

ஹாம்பர்க் என்றதும் நீலநிற டப்பா நினைவுக்கு வராமல் இருக்காது. நிவியாவைவிட நல்ல பாடநூல் இந்தத் துறையில் இல்லை. பைர்ஸ்டோர்ஃப் நிறுவனம் ஆஸ்கர் ட்ரோப்லோவிட்ஸ் தலைமையில் 1911இல் இந்தக் கிரீமை வெளியிட்டபோது டப்பா மஞ்சள் நிறம், சுற்றிலும் பச்சைக் கொடிப்பின்னல். 1925இல்தான் நீலமும் வெள்ளை எழுத்தும் வந்தன. ஆக, முதல் உலகப் போர்க்கால நிவியா என்று யாராவது நீல டப்பாவைக் காட்டினால் பேச்சே வேண்டாம். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நிறுவனத்தின் யூத நிர்வாகிகள் விலக நேர்ந்தது. அதன்பின் விளம்பரங்களை எழுதியவர்களில் முக்கியமானவர் எல்லி ஹாய்ஸ்-க்னாப். இவருடைய கணவர் தியோடர் ஹாய்ஸ் பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரானார். ஹிட்லர் ஆட்சியிலும் அந்த விளம்பரங்கள் வெயில், காற்று, தோல் என்றே பேசின.

போர் முடிந்தபோது பல நாடுகளில் நிவியா என்ற பெயரின் உரிமை பைர்ஸ்டோர்ஃபின் கையைவிட்டுப் போயிற்று. எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதலானது. ஒரே நீல டப்பாவை நாட்டுக்கு ஒரு நிறுவனம் தனித்தனியே செய்துவந்தது இதனால்தான். பிரிட்டனில் வெல்வின் கார்டன் சிட்டியிலிருந்த ஹெர்ட்ஸ் ஃபார்மசூட்டிகல்ஸ், 1951இல் அதை வாங்கிய ஸ்மித் அண்ட் நெஃப்யூ, போலந்தில் போஸ்னான் நகரத்துப் பொல்லெனா-லெஹியா, இந்தியாவில் ஜே.எல். மோரிசன். ஒவ்வொரு உரிமையாகத் திரும்ப வாங்க பைர்ஸ்டோர்ஃபுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. பிரிட்டன் உரிமை 1992இல் திரும்பியது, போலந்து 1997இல்.

என் மேசையில் இருக்கும் நீல டப்பாவின் அடியில் ஹெர்ட்ஸ் ஃபார்மசூட்டிகல்ஸ், வெல்வின் கார்டன் சிட்டி என்று இருக்கிறது. நீலம் விளிம்பில் தேய்ந்து தகரம் தெரிகிறது. தபால் எண் கிடையாது, சேர்பொருள் பட்டியல் கிடையாது. வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் இல்லை. வாங்கும்போது சொல்லப்பட்டது ‘1940, லண்டன் குண்டுவீச்சுக் காலம்’ என்று. அப்படி இருக்கலாம். ஆனால் டப்பா தானாகச் சொல்வது இவ்வளவுதான்: ஏறக்குறைய 1930களிலிருந்து 1951ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை. நிறுவனம் கைமாறிய பிறகும் பழைய பெயர் சில காலம் தொடர்ந்திருக்கலாம். முழுத் தகரம் என்பதால் போரின் நடு ஆண்டுகளை ஒதுக்கிவைக்கத் தோன்றுகிறது. அதையும் சாய்வாகத்தான் எழுதிவைத்திருக்கிறேன், உறுதியாக அல்ல. ஒற்றை ஆண்டைச் சொல்லி விற்பவரைவிட இருபது ஆண்டு இடைவெளியைச் சொல்லி ஒப்புக்கொள்பவரையே நான் நம்புவேன்.

சின்னஞ்சிறு எழுத்துகள்

வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற குறி, அமெரிக்காவில் 1946இல் நிறைவேறி 1947 ஜூலையில் நடைமுறைக்கு வந்த லான்ஹாம் வணிகக் குறிச் சட்டத்தோடு பரவியது. அதற்கு முன்பு ‘அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு’ என்று சொற்களைச் சுருக்கிப் போடுவார்கள். கொடியும் போர்விமானமும் வரைந்த அமெரிக்க டப்பாவில் இந்த வட்டக்குறி இருந்தால் அது போருக்குப் பின் வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். சேர்பொருள்களின் முழுப் பட்டியல் இருந்தால் இன்னும் பிந்தியது. அமெரிக்க அழகு சாதனங்களுக்கு அது கட்டாயமானது 1970களில். பார்கோடு இருந்தால் பேச வேண்டியதே இல்லை. ஆனாலும் பார்கோடு இருந்த அடிப்பாகத்தைத் தேய்த்து அழித்துவிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிப்பாகம் மட்டும் சந்தேகப்படும்படி வெறுமையாக இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள்.

பிரிட்டிஷ் டப்பாக்களில் அரச நியமனக் குறி பெரிய உதவி. ‘மேன்மைதங்கிய மன்னர் ஆறாம் ஜார்ஜ்’ என்றிருந்தால் 1936 டிசம்பருக்கும் 1952 பிப்ரவரிக்கும் இடையில். ‘காலஞ்சென்ற’ என்று முன்னால் சேர்ந்திருந்தால் 1952க்குப் பின் சில ஆண்டுகள். எலிசபெத் பட்டமேறியதும் கிரீடத்தின் வடிவமே மாறியது. முன்பு வளைவுகள் மேலே குவிந்து நிற்கும்; பிறகு நடுவில் கொஞ்சம் தாழ்ந்து இறங்கும். எழுத்து அழிந்துபோன டப்பாவில் கிரீடம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அரசர் காலமா அரசி காலமா என்று இதனால் தெரிந்துவிடும்.

பதிவு செய்த வடிவ எண்ணும் பிரிட்டிஷ் டப்பாக்களில் உண்டு. 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கிய வரிசை 1940 பிறக்கும்போது எட்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த எண் வடிவம் பதிவான ஆண்டைத்தான் சொல்லும். 1935இல் பதிந்த வடிவத்தில் 1955 வரை டப்பா செய்திருக்கலாம்.

முந்தைய போர்களும் தங்கள் அடையாளத்தை விட்டிருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரின் செலவை ஈடுகட்ட 1862இல் மருந்து, வாசனைப் பொருள்களின் மேல் வரிவில்லை ஒட்டும் முறை வந்து 1883 வரை நீடித்தது. ஸ்பெயினோடு போர் மூண்ட 1898இல் அது திரும்ப வந்தது. அந்த வில்லைகளில் போர்க்கப்பல் படம். ஐரோப்பாவில் போர் வெடித்து இறக்குமதி வருமானம் குறைந்த 1914 கடைசியில் மீண்டும் ஒரு முறை. டால்கம் டப்பாவின் மூடியோடு சேர்த்து ஒட்டிய வரிவில்லையின் கிழிந்த பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைவிடத் துல்லியமான தேதி வேறெதிலும் கிடைக்காது. மேலே ரத்துமுத்திரையாக நிறுவனத்தின் எழுத்துகளும் ஆண்டும் பலமுறை இருக்கும்.

ஜப்பானிய டப்பாக்களுக்கு வேறு திறவுகோல். போர் முடியும்வரை அங்கே கிடைமட்ட எழுத்தை வலமிருந்து இடமாக எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. போருக்குப் பின் அது மறைந்தது. 1940 ஜூலையில் ஆடம்பரப் பொருள்களுக்கு அங்கே தடைச்சட்டம் வந்தது. உலோகம் கிடைக்காமல் பீங்கானுக்குத் தாவினார்கள். போர்க்காலப் பீங்கான் சாமான்களின் அடியில் உற்பத்திக் கட்டுப்பாட்டு எண் இருக்கும்: சூளை இருந்த வட்டாரத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து, பக்கத்தில் ஓர் எண்.

பூதக்கண்ணாடியின் கீழே

தகரத்தில் நேரடியாக அச்சிடுவது 1875இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே பதிவுசெய்த ஆஃப்செட் முறையால் பெருகியது. பழைய டப்பாவின் வண்ணத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகப் பரந்திருக்கும். கன்னத்தின் சிவப்பு மங்குமிடத்தில் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இன்றைய மறுபதிப்பில் நான்கு வண்ணப் புள்ளிகள் சிறு ரோஜா வடிவில், அளந்து வைத்த வரிசையில் நிற்கும். தங்கநிறம் இன்னொரு சோதனை. பழையதில் உலோகத் தூள் கலந்த மையோ, அடியில் இருக்கும் தகரமே தெரியும்படி பூசிய மஞ்சள் வார்னிஷோ இருக்கும். மலிவான மறுபதிப்பில் மஞ்சள்-பழுப்புப் புள்ளிகளே தங்கம்போல் நடிக்கும்.

பக்க மூட்டின் அருகே டப்பா செய்தவரின் பெயர் எறும்பு எழுத்தில் இருக்கும். 1901இல் உருவான அமெரிக்கன் கேன் கம்பெனியின் ‘கேன்கோ’ முத்திரை, பிரிட்டனில் 1920களில் சின்னச் சின்ன டப்பா ஆலைகள் ஒன்றுசேர்ந்து உருவான மெட்டல் பாக்ஸ் கம்பெனியின் பெயர். கிரீம் நிறுவனத்தின் வரலாறு கிடைக்காதபோது டப்பா செய்தவரின் வரலாறு உதவும்.

இவ்வளவு பேசும்போது அந்த டப்பாக்களை நிரப்பிய கைகளையும் சொல்லாமல் விட முடியாது. நம் பாட்டிமாருக்கும் பழக்கமான ‘ஈவினிங் இன் பாரிஸ்’ வாசனை பூர்ஷ்வா நிறுவனத்துடையது. அதன் பிரிட்டிஷ் தொழிற்சாலை குரோய்டன் விமான நிலையத்தை ஒட்டி இருந்தது. 1940 ஆகஸ்ட் 15 மாலை ஜெர்மன் விமானங்கள் அந்த நிலையத்தைக் குண்டுவீசித் தாக்கியபோது தொழிற்சாலையும் சிதைந்தது. அன்றைய தாக்குதலில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அக்கம்பக்கத்து ஆலைகளில் வேலை செய்தவர்கள். கருநீல டப்பாவில் வெள்ளி நட்சத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலை நினைவுக்கு வருகிறது. போர்க்காலம் என்ற சொல்லை விலையேற்றும் அலங்காரமாகப் பயன்படுத்துகிறவர்கள் மீது கோபம் வருவதும் அதனால்தான்.

கையில் நல்ல டப்பா சிக்கினால் தண்ணீரில் கழுவாதீர்கள், தேய்ப்பான் போடாதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகை போதும். உள்ளே பவுடர் இருந்தால் கொட்டாமல், முகராமல், மூடியே வையுங்கள். பழைய டால்கம் பவுடரில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. பஃப் இருந்தால் அதையும் கூடவே வையுங்கள். அட்டை டப்பா நொறுங்குகிறதென்று தூக்கி எறியாதீர்கள். மேலே சொன்ன எல்லாக் காரணங்களாலும் பக்கத்தில் பளபளக்கும் தகரத்தைவிட அதுதான் அரிது. பிரிட்டனில் போர் முடிந்த பிறகும் தகரத் தட்டுப்பாடு உடனே தீரவில்லை. அதனால் அட்டை டப்பாவை 1945க்கு உள்ளேயே அடைத்துவிடவும் வேண்டாம். 1940களின் கடைசிவரை இடம் கொடுங்கள்.

நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் குட்டிக்கூரா டப்பாவுக்கும் ஸ்நோ டப்பாவுக்கும் இதே முறை பொருந்தும், சட்டங்கள்தான் வேறு. ஏஜென்ட் முகவரிகளில் பம்பாய், கல்கத்தாவோடு லாகூரும் கராச்சியும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 1947க்கு முந்தியது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். எடை அவுன்ஸில் மட்டும் இருந்தால் மெட்ரிக் அளவு பரவிய 1960களுக்கு முந்தியதாகக் கொள்ளலாம். ‘மதராஸ் 1’ என்று ஒற்றை எண்ணோடு முகவரி நின்றால் ஆறிலக்கப் பின்கோடு வந்த 1972 ஆகஸ்ட் 15க்கு முந்தைய அச்சு. கண்டதைக் காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்: யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, என்னென்ன எழுத்து தெரிகிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, எதனால் அப்படி நினைக்கிறீர்கள். பென்சிலால் எழுதுங்கள், மை தகரத்தில் ஊறி அச்சைக் கெடுத்துவிடும்.